அறுவடை நேரத்தில் வருகிற வெள்ளம் எப்படி வரமாகும்? சுமேரியர் பற்றி ஒரு சந்தேகம்

ஒன்பதாம் வகுப்பு அம்மா:
வணக்கம். மகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுக்கப் போய் நானே மாட்டிக்கொண்டேன். 'யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளின் வண்டல் மண்ணால் சுமேரிய நாகரிகம் தோன்றியது' என்று ஒரே வரியில் முடிக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. "அங்க மழை ரொம்பக் கம்மியாம், கல் இல்ல, நல்ல மரம் இல்ல, செம்பு இல்ல. வெள்ளம் வர்றதே ஏப்ரல், மே மாசத்துலதானாம். அறுவடையும் அப்பதான். இதுல என்னம்மா வரம்?" என்கிறாள். நாளை சாயங்காலத்துக்குள் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் காப்பாற்றுங்கள்.

பஸ்ரா ரிட்டர்ன்:
பாப்பா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள் சகோதரி. நான் வரலாறு படித்தவன் அல்ல. கட்டட வேலை ஃபோர்மேன், தெற்கு இராக்கில், அதாவது அந்தப் பழைய சுமேரிய மண்ணில், நாலு வருஷம் குப்பை கொட்டியவன். பார்த்ததையும், முகாமில் பொழுது போகாமல் படித்ததையும் சொல்கிறேன்.

வெள்ளம் பற்றி அவள் சொன்னது உண்மை. துருக்கி மலைகளில் பனி உருகித்தான் அந்த ஆறுகளில் தண்ணீர் ஏறும். அணைகள் இல்லாத அந்தக் காலத்தில், விதைக்கிற அக்டோபர், நவம்பரில் ஆறு மெலிந்து கிடக்கும். கதிர் முற்றிய பிறகு பெருகி வந்து நிற்கும். நைல் நதி அப்போது கோடையில் பெருகி, வடிந்து, விதைப்புக்கு ஈர மண்ணை விட்டுவிட்டுப் போகும். எகிப்துக்காரன் கொடுத்து வைத்தவன்.

ஆனால் தெற்கு இராக்கில் வேறொரு வசதி உண்டு. நிலம் தாம்பாளம் மாதிரி சமம். ஆறு இரு கரையிலும் வண்டலைப் போட்டுப் போட்டுத் தானே மேடாகி, வயலைவிட உயரத்தில் ஓடும். கரையில் ஒரு வாய் வெட்டினால் தண்ணீர் தானாக இறங்கும். ஏற்றமும் வேண்டாம், இறைவையும் வேண்டாம். சில குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு வாய்க்கால். கரை மேட்டில் பேரீச்சை, சரிவில் வாற்கோதுமை, பள்ளத்தில் நாணலும் மீனும், அதற்கப்பால் ஆடு மேய்கிற பொட்டல். எல்லாம் நடந்து போகிற தூரம். வண்டலைப் பற்றியே பேசுகிறவர்கள் அந்தச் சதுப்பை மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதிச் சோறு போட்டது அதுதான்.

கல் இல்லாத குறைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? களிமண்ணில் அரிவாள் செய்து, சூளையில் சுட்டு, அதைக் கொண்டு கதிர் அறுத்தார்கள். உருக் நகரம் எழுவதற்கு முந்தைய குடியிருப்புகளில் அந்த உடைசல் நிறையக் கிடைக்கிறது. மண்ணில் அரிவாளா என்று நானும் சிரித்தேன். நன்றாக வெந்த செங்கல் விளிம்பில் கை கீறிக்கொண்டவன் சிரிக்க மாட்டான்.

கணக்குப்பிள்ளை:
மேலே ஐயா சொன்னதோடு என் தொழில் பக்கத்திலிருந்து ஒன்று. வெள்ளம் தப்பு நேரத்தில் வருகிறது என்றால், வந்த தானியத்தை உடனே களஞ்சியத்தில் சேர்த்தாக வேண்டும். சேர்த்ததை ஆள் பார்த்து அளந்து கொடுக்க வேண்டும். அப்போது என்னைப் போல ஒருவன் தேவைப்படுவான்!

கி.மு. 3100 வாக்கில் உருக் நகரம் சுமார் 250 ஹெக்டேர் பரந்திருந்தது. அங்கே கிடைத்த மிகப் பழைய களிமண் பலகைகள் ஏறக்குறைய 5,000. அவற்றில் பத்துக்கு எட்டுக்கு மேல் வெறும் வரவு செலவு. மிச்சம், எழுத்துப் பழகுகிறவர்களுக்கான சொற்பட்டியல். கதையும் பாட்டும் பல நூற்றாண்டு கழித்துத்தான் வருகின்றன. ஒரு பலகையில் இருப்பது இவ்வளவுதான்: வாற்கோதுமை 29,086 அளவு, 37 மாதம், குஷிம். குஷிம் என்பது ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் ஆபீசில் 'கேஷியர்' என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாமலே ஓய்வு பெற்றார், அந்த மாதிரி.

ஆட்டை எண்ண ஒரு எண் வரிசை, தானியத்தை அளக்க வேறொன்று. நாம் பூவை முழத்திலும் நெல்லை மரக்காலிலும் சொல்வதில்லையா?

பாப்பாவிடம் கிண்ணத்தைப் பற்றியும் சொல்லுங்கள். விளிம்பு சாய்வாக வெட்டிய, அழகே இல்லாத ஒரு மண் கிண்ணம். வைக்கோல் தூள் கலந்த களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்தது. உருக் காலத்து ஊர்களில் குப்பை குப்பையாகக் கிடைக்கிறது. கூலிக்குப் படி அளந்த கிண்ணம் என்பது பலர் கருத்து, ரொட்டி சுடும் அச்சு என்பாரும் உண்டு. ஒரு தலை, அதன் வாயருகே ஒரு கிண்ணம் என்று எழுதினால் 'சாப்பாடு, படி' என்று பொருள். முதல் கட்ட எழுத்திலேயே கூலி உட்கார்ந்துவிட்டது பாருங்கள்.

செம்மொழிச்செல்வன்:
நண்பர்களே, 'ஊர்' என்பதே அங்கே நகரத்தின் பெயர். சுமேரியமும் தமிழும் உறவு என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
தம்பி, அந்த நகரத்தைச் சுமேரியர் 'ஊரிம்' என்றார்கள். நகரம் என்பதற்கு அவர்கள் சொல் 'இரி' அல்லது 'உரு'. தமிழைப் போல ஒட்டுநிலை மொழி (சொல்லோடு விகுதிகளை ஒட்டிக்கொண்டே போகிற மொழி) என்பதால் மட்டும் உறவாகிவிடாது, துருக்கியும் ஒட்டுநிலைதான். சுமேரியத்துக்கு உறவு மொழி எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. இந்த இழையில் இதோடு விட்டுவிடலாமே.

ஒன்பதாம் வகுப்பு அம்மா:
இருவருக்கும் மிக்க நன்றி. வாசித்துக் காட்டினேன், அடுத்த கேள்வி வந்துவிட்டது: "அப்ப ராஜா எதுக்கு வந்தார்? வாய்க்கால் வெட்டவா?"

பஸ்ரா ரிட்டர்ன்:
அப்படித்தான் முன்பு நிறையப் பேர் சொன்னார்கள். ராபர்ட் ஆடம்ஸ் என்ற தொல்லியல் ஆய்வாளர் அந்தப் பொட்டல் முழுக்க அலைந்து பழைய ஊர்களையும் வாய்க்கால் தடங்களையும் வரைபடமாக்கினார். பெரிய கால்வாய்கள் பிந்தியவை, முதலில் இருந்தவை சின்னச் சின்ன வாய்க்கால்கள் என்று தெரிந்தது. ராஜாவுக்குச் சுமேரியச் சொல் 'லூகல்'. லூ என்றால் ஆள், கல் என்றால் பெரிய. பெரியாள்! சண்டைக்கும் அவர் வேண்டியிருந்தது. லகாஷ், உம்மா என்ற இரண்டு நகரங்கள் ஒரு வயல்வெளிக்கும் வாய்க்காலுக்கும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டன. வரப்புத் தகராறுதான், ஆனால் படையோடு. லகாஷின் ராஜா எயன்னாட்டம் கி.மு. 2450 வாக்கில் ஜெயித்து, எதிரிகளின் தலைகளைக் கழுகுகள் தூக்கிப்போவதாகக் கல்லில் செதுக்கி வைத்தான். உடைந்த துண்டுகள் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அப்புறம் உப்பு. அதைச் சொல்லாமல் விட மனசில்லை. எங்கள் முகாமுக்குப் பின்னால் கைவிட்ட வயல் ஒன்று. காலையில் பார்த்தால் பனி பெய்த மாதிரி வெள்ளை. காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம், அடியில் சொதசொதப்பு. பாய்ச்சுகிற தண்ணீர் வடிய வழியில்லாமல் ஆவியாகி, உப்பை மேலே விட்டுவிடும். அதனால்தான் ஒரு வருஷம் விதைத்தால் மறு வருஷம் தரிசு போடுவார்கள். உப்பைத் தாங்காத கோதுமையை விட்டு வாற்கோதுமையைப் பிடித்துக்கொண்டதற்கும் அது ஒரு காரணம் என்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நாசிரியா பக்கம் உள்ள ஊரிம் நகரத்துப் படிக்கட்டுக் கோயில் கோபுரத்துக்குப் போனோம். ஊர்-நம்மு என்ற ராஜா கி.மு. 2100 வாக்கில் தொடங்கியது. மற்றவர்கள் படியில் நின்று போட்டோ எடுக்க, நான் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். வெளியே சுட்ட செங்கல், உள்ளே பச்சைச் செங்கல், இடுக்கில் தார். வரிசையாக ஓட்டைகள். தாங்கு சுவரில் நாங்கள் விடுகிற அதே 'வீப் ஹோல்', உள் ஈரம் வெளியேற. போன மாதம்தான் அதை விட மறந்த ஒரு மேஸ்திரியைத் திட்டியிருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பு அம்மா:
அண்ணா, 'அப்பள வயல்' என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். கடைசியாக ஒன்று: அந்தக் கிண்ணம் எவ்வளவு பிடிக்குமாம்?

கணக்குப்பிள்ளை:
சுமார் 0.8 லிட்டர் என்பார்கள். ஆனால் அளந்து பார்த்தால் கிண்ணத்துக்குக் கிண்ணம் கூடக் குறைய இருக்கிறது. அளந்து கொடுத்தவன் கையில் எந்தக் கிண்ணம் வந்ததோ, வாங்கினவன் பாடு!