மனநல ஆலோசனை மையத்தில் ஃபைல்களைப் பிரிப்பதும் பூட்டுவதும் எப்படி?

ஓரக்குறிப்பு (கேள்வி):
வணக்கம். மூன்று ஆலோசகர்கள், வாரத்தில் இரண்டு நாள் வரும் மனநல மருத்துவர், ரிசப்ஷனில் ஒருவர். சிறிய மையம். ஏறக்குறைய 400 காகித ஃபைல்கள், பெயர் அகரவரிசையில், ஒரே பீரோவில். ஒப்புதல் படிவம், ரசீது, மருந்துச்சீட்டு நகல், சோதனைத்தாள், செஷன் குறிப்பு எல்லாம் வந்த வரிசையிலேயே குத்தப்பட்டிருக்கின்றன. பாதியை ஸ்கேன் செய்து லேப்டாப்பில் ஏற்றியாயிற்று. பெயர்களெல்லாம் 'ஸ்கேன்0047' ரகம். எங்கிருந்து ஆரம்பிப்பது? லேப்டாப் தொலைந்தால் என்ன ஆகும்? ஸ்கேன் செய்த பிறகு காகிதத்தை அழித்துவிடலாமா?

தாள்கட்டு (பதில்):
பூட்டு அப்புறம். முதலில் பிரியுங்கள். பீரோவை யாரும் உடைக்காமலேயே விஷயம் வெளியே போகும்: ஒருவர் பழைய ரசீது கேட்பார், அதைத் தேட ரிசப்ஷனில் இருப்பவர் செஷன் குறிப்பு உட்பட மொத்த ஃபைலையும் புரட்டுவார்.

ஒரு கிளையன்ட்டுக்கு மூன்று ஃபைல் என்று வையுங்கள். முதலாவது நிர்வாகம்: பதிவுப் படிவம், அவசரத் தொடர்பு, கட்டணம், ரசீது. ரிசப்ஷன் தொடுவது இதை மட்டும். இரண்டாவது சிகிச்சைப் பதிவு: ஒப்புதல், முதல் மதிப்பீடு, நோய்க்கணிப்பு, சிகிச்சைத் திட்டம், மருந்து, ஒவ்வொரு செஷனின் தேதி, ஆரம்பித்த முடிந்த நேரம், செய்தது என்ன, தற்கொலை எண்ணம் போன்ற ஆபத்துகளின் மதிப்பீடு. மூன்றாவது ஆலோசகர் தனக்காக எழுதிக்கொள்ளும் குறிப்பு: ஊகங்கள், கிளையன்ட் சொன்னதன் விவரம், அடுத்த முறை கேட்க நினைத்தவை.

மூன்றாவதை ஏன் தனியாக வைக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் ஹிப்பா விதி (மருத்துவத் தகவலைப் பாதுகாக்கும் சட்டம்) நல்ல உதாரணம். இந்த வகைக் குறிப்புக்கு அங்கே கூடுதல் பாதுகாப்பு உண்டு. ஆனால் மற்றப் பதிவிலிருந்து பிரித்து வைத்திருந்தால் மட்டும். மருந்து, செஷன் நேரம், நோய்க்கணிப்பு, சோதனை முடிவு இவற்றைக் கொண்டுபோய் அதில் ஒளித்தாலும் அந்தப் பாதுகாப்பு அவற்றுக்கு வராது. உங்கள் ஊர்ச் சட்டம் வேறாக இருக்கலாம். எங்கே இருந்தாலும், கலந்து குத்திய தாளை நகல் கேட்டு ஆள் வந்து நிற்கும்போது உட்கார்ந்து பிரிக்க முடியாது.

சோதனைத்தாள் தனி விஷயம். விடை குறித்த தாளில் சோதனையின் கேள்விகளே இருக்கும். அவை வெளியே போனால் அந்தச் சோதனையே பயனற்றுப் போகும். அறிக்கையை இரண்டாவது ஃபைலில் போடுங்கள், விடைத்தாளை தனி உறையில்.

ஃபைலின் முதுகில் பெயர் வேண்டாம். தொடர் எண் போதும்: 0213. முதலெழுத்தும் பிறந்த தேதியும் சேர்ந்த எண் வேண்டாம், தெரிந்தவர் பார்த்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். எண்ணுக்கு எந்தப் பெயர் என்ற பட்டியல் ஒன்றே ஒன்று, அதுவும் வேறு பூட்டில். ஃபைல் வெளியே போனால் அந்த இடத்தில் கெட்டி அட்டை ஒன்று நிற்க வேண்டும்: எண், எடுத்தவர், தேதி, நேரம். மாலையில் பீரோவைப் பூட்டும்போது துருத்தி நிற்கும் அட்டைகளை எண்ணினாலே எத்தனை ஃபைல் மேஜைகளில் கிடக்கிறது என்று தெரிந்துவிடும்.

பூட்டுச்சாவி (பதில்):
லேப்டாப் விஷயம். விண்டோஸ் பாஸ்வேர்டு மட்டும் இருந்தால் அது பூட்டே இல்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எல்லாம் திறந்து கிடக்கும். முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்யணும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கணும்: விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட். பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று தரும். அதை அச்செடுத்து, உறையிலிட்டு ஒட்டி, வேறு கட்டடத்தில் வையுங்க. லேப்டாப் பைக்குள்ளேயே அந்தத் தாளை வைக்கிறவங்க உண்டு, சிரிக்காதீங்க. இன்னொன்று: மூடி வைத்த லேப்டாப் தூங்குதே தவிர அணையலை, என்கிரிப்ஷன் சாவி மெமரியில் இருக்கும். வெளியே எடுத்துப் போகும்போது ஷட் டவுன் செய்யுங்க.

பேக்கப்புக்கு 3-2-1: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வெளியிடத்தில். கிளவுட் ஃபோல்டர் சிங்க் ஆவதை (லேப்டாப்பில் மாறியது அங்கேயும் தானாக மாறுவதை) பேக்கப் என்று நினைக்காதீங்க. லேப்டாப்பில் ரான்சம்வேர் (ஃபைல்களை முடக்கிப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்து ஃபைல்களைக் கெடுத்தால் கெட்டதுதான் சிங்க் ஆகும். அதனால் ஒரு ஹார்டு டிஸ்க், அதுவும் என்கிரிப்ட் செய்தது, பேக்கப் முடிந்ததும் கழற்றி வைக்கணும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்க.

பெயர் வைப்பு: 0213_2025-03-14_ஒப்புதல். வருடம் முன்னால் வந்தால் தேதி வரிசை தானாக அமையும். ஃபைல் பெயரில் ஆள் பெயரோ நோயின் பெயரோ கூடாது. சமீபத்தில் திறந்தவை பட்டியலில், பிரிண்டர் வரிசையில், மின்னஞ்சல் இணைப்பில் எல்லாம் அது தெரியும்.

மொபைலில் படம் எடுத்து ஸ்கேன் செய்வதை இன்றைக்கே நிறுத்துங்க. கேலரி தானாக சொந்தக் கிளவுடுக்குப் போய்விடும், குடும்ப டேப்லெட்டில் ஒப்புதல் படிவம் வந்து நிற்கும்.

ஓரக்குறிப்பு:
நன்றி. தம்பதியாக வருபவர்களுக்கு ஒரு ஃபைலா, இரண்டா? மூன்றாவது நபர் பற்றிய வரிகளை நகலில் மறைப்பது எப்படி?

தாள்கட்டு:
சேர்ந்து வரும் செஷன்களுக்குத் தம்பதி என்று ஒரு ஃபைல், தனி எண்ணோடு. யாராவது தனியாகவும் பார்க்கப்பட்டால் அவருக்கு வேறு ஃபைல். கூட்டு ஃபைலின் நகலுக்கு இருவரின் ஒப்புதலும் வேண்டுமா என்பதை முதல் நாளே படிவத்தில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். விவாகரத்து வழக்கு வந்த பிறகு கேட்டால் கிடைக்காது. குழு சிகிச்சையில் ஒருவர் ஃபைலில் மற்றவர் பெயர் வரவே கூடாது.

பூட்டுச்சாவி:
மறைப்பு: பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டம் வரைந்தால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும். தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்க, வரி முழுக்க வந்துவிடும். எழுத்தையே நீக்கும் ரிடாக்‌ஷன் கருவி வேணும். இல்லையென்றால் அச்செடுத்து, மார்க்கரால் அடித்து, அதை நகலெடுத்து அந்த நகலை மட்டும் கொடுங்க. மார்க்கர் பட்ட தாளையே கொடுத்தால் வெளிச்சத்தில் பிடித்தால் படிக்கலாம்.

பழுப்புத்தாள் (பதில்):
காகிதத்தை அழிக்கும் கேள்வி விட்டுப்போயிற்று. ஸ்கேன் முடிந்த உடனே அழிக்க வேண்டாம். ஸ்கேனரில் 300 டிபிஐ (படத்தின் நுணுக்க அளவு), கிரேஸ்கேல் (சாம்பல் நிறச் சாயல்களோடு) அல்லது கலர் என்று வையுங்கள். கறுப்பு-வெள்ளை மோடில் பென்சில் குறிப்பு மறைந்துவிடும். ஓரத்தில் எழுதிய 'மருந்து நிறுத்தினார்' போன்ற வரிதான் முதலில் போகும். ஒட்டுச்சீட்டுகளைப் பிரித்துத் தனியாக ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கம் எழுத்து இருக்கிறதா பாருங்கள், தாள் எண்ணிக்கையையும் பிடிஎஃப் பக்க எண்ணிக்கையையும் ஒப்பிட்டு ஒருவர் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகும் அசல் கையெழுத்துள்ள ஒப்புதல் படிவங்களை வைத்துக்கொள்வதே என் யோசனை.

எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதை உங்கள் ஊர்ச் சட்டமும் தொழில் அமைப்பும் சொல்லும். சிறுவர் ஃபைலுக்கு அந்தக் கணக்கு வயது வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கும் இடங்கள் பல உண்டு. வழக்கு நடக்கும் ஃபைல் என்றால் காலக்கெடு முடிந்தாலும் தொடக்கூடாது. ஃபைல் அட்டையில் கிளையன்ட் கடைசியாக வந்த வருடத்துக்கு ஒரு நிறம் ஒட்டிவிட்டால், வருடக் கடைசியில் எதை எடுப்பது என்று தேட வேண்டாம்.

அழிக்கும்போது, நீளக் கீற்றாக வெட்டும் மெஷின் உதவாது, ஒட்டிப் படிக்கலாம். ஷ்ரெடரில் (தாள் வெட்டும் மெஷினில்) பாதுகாப்பு நிலை பி-4 என்றால் துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்குள், பி-5 என்றால் 30-க்குள். இந்த வகைத் தாளுக்கு பி-5 எடுங்கள். எஸ்எஸ்டி டிஸ்க்கில் (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் வகை) பழைய தகவலின் மேலே எழுதி அழிப்பதை நம்ப முடியாது. உள்ளே அது வேறு இடத்தில் எழுதிக்கொள்ளும். முதல் நாளிலிருந்தே என்கிரிப்ட் ஆகியிருந்தால் சாவியை அழித்தால் போதும்.

தீத்தடுப்புப் பெட்டி வாங்கினால் லேபிளைப் பாருங்கள். காகிதத்துக்கானது உள்ளே 177 டிகிரி செல்சியஸ் வரை போக விடும், தாள் தாங்கும். அதற்குள் வைத்த ஹார்டு டிஸ்க் தாங்காது. அதற்கு 52 டிகிரியைத் தாண்டாத வகை வேண்டும். பீரோவின் கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் மேலே இருக்கட்டும், தண்ணீர் முதலில் அங்கேதான் ஏறும். ரசீதுகள் தெர்மல் தாளாக (மையில்லாமல் சூட்டில் அச்சாகும் தாள்) இருந்தால் நகலெடுத்துக் குத்துங்கள், எழுத்து மங்கிவிடும்.

அழித்ததற்கும் ஒரு பதிவேடு: எண், எந்தக் காலத்து ஃபைல், அழித்த தேதி, முறை, இருவர் கையெழுத்து. அந்தப் பதிவேட்டிலும் பெயர் வேண்டாம்.