பெங்களூரு – சான்பிரான்சிஸ்கோ: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

குடியாத்தம் ஓய்வாசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதம் நானும் என் துணைவியாரும் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறோம். பேரணாம்பட்டு, கோலார் வழியாகப் போய்விடலாம் என்பதால் பெங்களூரு விமான நிலையத்தையே தேர்ந்தெடுத்தோம். தூரம் ஓரிடத்தில் 14,000 என்றும், இன்னோரிடத்தில் 8,700 என்றும், வேறோரிடத்தில் 7,560 என்றும் இருக்கிறது. பிற்பகல் 2 மணிக்குப் புறப்படும் விமானம் அன்று மாலையே 5.30க்கு இறங்குவதாகக் காட்டுகிறார்கள். நெடுநேரம் உட்கார்ந்தால் துணைவியாருக்குக் கால் வீங்கிவிடும்; ஆகவே உண்மையில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்பதே என் கவலை. மேற்கே இருக்கும் நாட்டுக்கு விமானம் வடக்கே போகிறது என்கிறார்களே, அதுவும் விளங்கவில்லை.

காட்பாடி வாசகர்:
ஐயா, மூன்று எண்களும் ஒரே தூரம்தான். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், கடைசியாக இருப்பது விமானிகள் கணக்கிடும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். நேரத்துக்கு வருகிறேன். கோடையில் சான்பிரான்சிஸ்கோ கடிகாரம் நம் கடிகாரத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மாலை 5.30 என்பது நமக்கு மறுநாள் காலை 6 மணி. ஆக நீங்கள் உட்காரப்போவது 16 மணி நேரம். திரும்பும்போது இதற்கு நேர்மாறாக, இரவு 9 மணிக்கு ஏறினால் 17 மணி நேரப் பயணத்துக்குப் பின் நம் கடிகாரப்படி, ஏறிய நாளையும் சேர்த்து எண்ணினால் மூன்றாம் நாள் அதிகாலை 2.30க்குத்தான் இறங்குவீர்கள். அழைத்துவர வண்டி சொல்லும்போது தேதியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். என் அண்ணன் குடும்பத்துக்கு நான் ஒரு நாள் முன்னதாகவே வண்டி அனுப்பிவிட்டேன்.

வாணியம்பாடி வாசகர்:
வழியைப் பற்றிச் சொல்கிறேன். சுவரில் மாட்டும் உலகப்படம் உருண்டையைத் தட்டையாக விரித்தது. அதில் போடும் நேர்கோடு குறுக்குவழி ஆகாது. பள்ளிக்கூட உலக உருண்டையில் பெங்களூரில் நூலின் ஒரு முனையை அழுத்தி, மறுமுனையைச் சான்பிரான்சிஸ்கோ வரை தொய்வில்லாமல் இழுத்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறிப் போவது தெரியும்; அதுவே குறுக்குவழி. வட துருவத்தைத் தொட்டே போனாலும் தூரம் ஏறத்தாழ 14,370 கிலோமீட்டர்தான், அதாவது நானூறு கிலோமீட்டர்கூடக் கூடுவதில்லை. 2021 ஜனவரியில் பெண் விமானிகளே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து துருவத்தின் மேலாகவே பெங்களூரு வந்தது. மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்றோட்டம் இருப்பதால், அது முதுகில் தள்ளினால் நேரம் குறையும், முகத்தில் மோதினால் கூடும். அன்றன்றைய காற்றையும் எந்த நாட்டின் வான்வெளி திறந்திருக்கிறது என்பதையும் பார்த்தே வழியை முடிவுசெய்கிறார்கள்.

ராணிப்பேட்டை வாசகி:
அம்மாவுக்கு நடைபாதையை ஒட்டிய இருக்கையை இப்போதே கேட்டு வாங்குங்கள். விழித்திருக்கும்போது மணிக்கொருமுறை எழுந்து நடக்கட்டும். காலை இறுக்கிப் பிடிக்கும் உறை தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்குச் செல்லும் சாலைப் பயணத்தையும், அங்கே காத்திருக்கும் மூன்று மணி நேரத்தையும் இந்த 16 மணி நேரத்தோடு கூட்டிப் பார்ப்பது நல்லது.

குடியாத்தம் ஓய்வாசிரியர்:
அனைவருக்கும் மிக்க நன்றி. பேரனின் உலக உருண்டையில் தறி நூலை இழுத்துப் பார்த்தோம். சீனா, மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, ஆர்க்டிக் கடலோரத்தைத் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்குகிறது. நடைபாதை இருக்கைக்கு இன்றே சொல்லிவிட்டேன்.