கோர்ட்ல பிள்ளைங்களுக்காக பேசுற வாலண்டியர், நாகர்கோவில்ல ஆக முடியுமா?

தக்கலை பொண்ணு:
எனக்க அக்கா அமெரிக்காவுல காசா (CASA)ன்னு, கோர்ட்ல பிள்ளைங்களுக்காக பேசுற வாலண்டியரா இருக்கா, பெத்தவங்கட்ட இல்லாம ஃபாஸ்டர் வீட்டுல, அதாவது வேற குடும்பத்துல வளருற பிள்ளைய அடிக்கடி போய் பாத்து, ஸ்கூல்ல, டாக்டர்ட்ட எல்லாம் விசாரிச்சி ஜட்ஜுக்கு ரிப்போர்ட் குடுக்கணுமாம். 30 மணி நேரம் டிரெயினிங், வக்கீலா இருக்கணும்னு இல்லியாம். இங்க இப்பிடி உண்டா?

குளச்சல் டீச்சர்:
அது 1977ல சியாட்டில்ல ஒரு ஜட்ஜ் தொடங்கினது மக்கா, அப்பிடியே இங்க கிடையாது. ஆதரவில்லாத பிள்ளைங்க விஷயத்த குழந்தைகள் நலக் குழுதான் பாக்கும், ஒரு தலைவர், 4 உறுப்பினர், 2015 இளைஞர் நீதி சட்டப்படி. ஆனா போக்சோ கேஸ்னா, அதாவது பிள்ளைங்க மேல பாலியல் குற்றம் நடந்த கேஸ்னா, பிள்ளை கூடவே நிக்க சப்போர்ட் பர்சன்னு ஒருத்தர அந்த குழுவே போடலாம், 2020 விதியில இருக்கு. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல கேளு.

மார்த்தாண்டம் அண்ணன்:
சட்டப்பணிகள் ஆணைக்குழுவுலயும் சட்ட தன்னார்வலர் எடுப்பாவ, அதுக்கும் வக்கீல் படிப்பு வேண்டாம். ஒண்ணு சொல்லட்டா, ரெண்டு மாசம் போய்ட்டு விடுறதுன்னா போகவே வேண்டாம், அந்த பிள்ளைய ஏற்கனவே நெறைய பேரு விட்டுட்டு போயாச்சு. பிள்ளை பேரு, போட்டோ எதையும் ஸ்டேட்டஸ்ல போட்ராத, அதே 2015 சட்டத்துல 74வது பிரிவுப்படி குத்தம்.

தக்கலை பொண்ணு:
சரிண்ணே, திங்கக்கிழமை போய் கேக்கேன்.