புதுப்பிப்பு: தாராசுரம் தூண் படங்கள் மங்கியதன் காரணம் தெரிந்தது

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் தூண்களில் உள்ள குட்டிச் சிற்பங்களைப் படம் எடுத்தால் ஏன் கூர்மையே இல்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்தேன். இல்லை.

எல்லாம் தெளிவாக விழட்டும் என்று லென்ஸ் துளையை எஃப்/22க்குச் சுருக்கி வைத்திருந்தேன் (எண் கூடினால் துளை சிறிதாகும்). அவ்வளவு சிறிய துளையில் ஒளி ஓரத்தில் வளைந்து பரவி (இதுதான் விளிம்பு விளைவு), நுணுக்கம் கரைந்துவிடுகிறது. அதோடு ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/15 நொடியாக நீண்டதால் கை நடுக்கமும் சேர்ந்துகொண்டது. நேற்று காலை அதே ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) எஃப்/8 வைத்தேன். எட்டு மடங்கு வெளிச்சம், ஷட்டர் 1/125. முழங்கையை விலாவில் ஒட்டி, மூச்சை மெல்ல விட்டபடி எடுத்தேன். விரல் நகமளவு நாட்டியப் பெண்ணின் சலங்கைகூட எண்ணுகிற மாதிரி வந்திருக்கிறது! சாய்ந்து விழுந்த காலை வெயிலுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் எடிட்டிங். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் ஷார்ப்பனிங் ரேடியஸை, அதாவது விளிம்பைச் சுற்றிக் கூர்மையாக்கும் அகலத்தை, 0.8க்குக் குறைத்தேன். ஆல்ட் விசையை அழுத்தியபடி மாஸ்கிங் (எங்கே கூர்மையாக்க வேண்டாம் என்று மறைப்பது) ஸ்லைடரை நகர்த்தினால், வெள்ளையாகத் தெரியும் விளிம்புகள் மட்டுமே கூர்மையாகும். வெற்றுக் கல்லில் புள்ளி கிளம்பாது.

வயலில் பறக்கும் கொக்குக்கு மட்டும் 1/125 போதவில்லை. நாளை 1/1600 வைத்துப் பார்க்கிறேன்.