சுற்றிப் பார்க்கத் தகுந்த உலகம் உள்ள சர்வைவல் கேம்கள் எவை?

சேர்வராயன்வாசி:

நண்பர்களுக்கு வணக்கம். ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை முடிந்த பிறகு, இரவில் கிடைக்கும் சிறிது நேரத்தில் கணினியில் விளையாடுபவன் நான். மைன்கிராஃப்ட், வால்ஹெய்ம் என்ற சர்வைவல் (உயிர்பிழைத்திருக்கப் போராடும்) கேம்கள் இரண்டையும் நெடுநாள் விளையாடியாகிவிட்டது. பசி, குளிர், கருவி செய்தல், குடில் கட்டுதல் ஆகியவற்றில் எனக்கு இன்னும் சலிப்பு வரவில்லை, சலித்துப்போனது நிலம்தான். ஒரு மலையைத் தாண்டினால் அதே அச்சில் இன்னொரு மலைதான் நிற்கும் என்று தெரிந்துவிட்ட பிறகு, தாண்டிப் பார்க்க மனம் வருவதில்லை. கணினி தானாக உருவாக்கிக்கொள்ளும் உலகமாக இல்லாமல், ஒவ்வொரு குகையையும் இடிந்த வீட்டையும் யாரோ ஒருவர் யோசித்து அந்தந்த இடத்தில் வைத்திருக்கும் சர்வைவல் கேம்கள் எவை? தனியாக விளையாடக்கூடியதாக இருக்க வேண்டும். இங்கே இணையம் மெதுவானது என்பதால், சேலத்தில் உறவினர் வீட்டில் பதிவிறக்கம் செய்துகொண்டு வருவேன். என் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டு பழையது.

அஸ்தம்பட்டியான்:

நீங்கள் கேட்பதற்கு நேரான விடை சப்நாட்டிகா. அன்நோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2018 ஜனவரியில் இதை முழுமையாக வெளியிட்டது. ஆரோரா என்ற விண்கலம் விழுந்து நொறுங்கியதும், ஏறத்தாழ முழுவதும் கடலாக இருக்கும் ஒரு கோளில், சிறிய மீட்புக் கலம் ஒன்றில் தனியாக மிதக்கிறீர்கள். தொடக்கத்தில் 45 விநாடிக்குத்தான் மூச்சு இருக்கும்.

இந்த விளையாட்டில் வரைபடமே கிடையாது. பீக்கன் என்ற அடையாள மிதவைகளைச் செய்து ஆங்காங்கே மிதக்கவிடலாம். மற்றபடி, கெல்ப் என்ற கடற்பாசிக் காடு எங்கே முடிகிறது, சிவப்புப் புல் படர்ந்த மேடு எந்தப் பக்கம் தொடங்குகிறது, ஆரோராவின் உடைந்த முனை எந்தத் திசையில் தெரிகிறது என்பதையெல்லாம் மனத்தில் பதித்துக்கொண்டுதான் திரும்பி வர வேண்டும். ஏற்காடு மலைப்பாதையில் எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு என்று சொன்னாலே நம்மவர்களுக்கு இடம் விளங்கிவிடுவது போல, சில நாட்களில் இந்தக் கடலடியும் உங்களுக்கு வாய்ப்பாடமாகிவிடும். நிலம் ஒருவர் கையால் அமைக்கப்பட்டது என்பதால்தான் இது முடிகிறது.

வழியை அடைப்பதற்குக் கதவும் பூட்டும் வைக்காமல் ஆழத்தையே வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். சீமோத் என்ற சிறு நீர்மூழ்கி, மேம்படுத்தாத நிலையில் 200 மீட்டருக்குக் கீழே போனால் நசுங்கத் தொடங்கும். அதை மேலும் ஆழத்துக்குத் தயார் செய்வதற்கான பொருள்களைத் தேடி நீங்கள் புதிய பகுதிகளுக்குப் போகிறீர்கள். உங்களுக்கு முன்பே டெகாசி என்ற கலத்தில் வந்து சிக்கியவர்கள் விட்டுச்சென்ற குடியிருப்புகள், முதலில் மிதக்கும் தீவிலும், அடுத்து ஜெல்லிஷ்ரூம் குகையிலும், பிறகு கிராண்ட் ரீஃப் பகுதியிலும் என்று ஒன்றைவிட ஒன்று ஆழத்தில் கிடைக்கின்றன. அவர்களுடைய குரல் பதிவுகளைக் கேட்டுக்கொண்டே இறங்கும்போது, அடுத்த பள்ளத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தூங்கப் போக முடியாது. உலகத்தின் எல்லையில்கூடக் கண்ணுக்குத் தெரியாத சுவர் வைக்கவில்லை. தரை சட்டென்று முடிந்து, அடியில்லாத இருட்டு தொடங்கும். அங்கே என்ன இருக்கிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை.

2021-இல் வந்த பிலோ ஸீரோவை, முதல் பாகத்தை முடிக்காமல் தொட வேண்டாம். அதன் கடல் சிறியது, பேச்சு அதிகம்.

கோரிமேடு வாசகர்:

சப்நாட்டிகாவைப் பற்றி அஸ்தம்பட்டி நண்பர் சொன்னது சரியே. ஆனால் பழைய கிராஃபிக்ஸ் கார்டு, மலைவாசம் இரண்டையும் வைத்துப் பார்த்தால், நான் த லாங் டார்க் விளையாட்டைத்தான் முதலில் சொல்வேன். கனடாவைச் சேர்ந்த ஹின்டர்லேண்ட் நிறுவனம் உருவாக்கியது. 2017 ஆகஸ்டில் முழுமையாக வெளிவந்தது. பனி உறைந்த வடகனடியத் தீவு ஒன்றில் குளிர், பசி, தாகம், களைப்பு, ஓநாய் ஆகியவற்றோடுதான் போராட்டம், ஜோம்பிகள் கிடையாது.

இதிலும் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் வரைபடம் இல்லை. அடுப்புக்கரியை எடுத்து, கண்ணுக்கு எட்டிய சுற்றுப்புறத்தை நீங்களே வரைந்துகொள்ள வேண்டும். மூடுபனியோ பனிப்புயலோ சூழ்ந்திருந்தால் அதுவும் நடக்காது. மிஸ்டரி லேக் பகுதியில் ரயில் தண்டவாளமும் கார்ட்டர் அணையும்தான் வழிகாட்டிகள். நிலம் எப்போதும் அதுவேதான். ஆனால் சர்வைவல் முறையில் ஒவ்வொரு புதிய ஆட்டத்திலும் வீடுகளுக்குள் கிடைக்கும் பொருள்கள் பெரும்பாலும் மாறிவிடும், வானிலையும் மாறும். போன ஆட்டத்தில் துப்பாக்கி இருந்த அலமாரி இம்முறை காலியாக இருக்கலாம். அந்த அலமாரிக்குப் போகும் குறுக்கு வழி மட்டும் உங்களுடையதாகவே இருக்கும். கை வேலைப்பாடும் தற்செயலும் சரியான அளவில் கலந்திருப்பது இதில்தான் என்பது என் கருத்து.

ஐந்துரோடு:

கையால் அமைத்த உலகம் என்றாலே உயர்ந்தது என்பது போலப் பேசுவதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்புக்குப் பிறகு மைன்கிராஃப்டின் குகைகளில் கிடைக்கும் வியப்பு, கைவேலை விளையாட்டுகள் பலவற்றில் கிடையாது. சப்நாட்டிகாவை ஒரு முறை முடித்தவர் மீண்டும் தொடங்கினால், எந்தப் பாறைக்குப் பின்னால் எது இருக்கிறது என்பது முன்பே தெரிந்திருக்கும். பாதி இன்பம் போய்விடும். பணம் கொடுத்து வாங்குகிறவர் இதையும் யோசிக்க வேண்டும்.

ஆனாலும் கேட்டதற்கு விடையாக ஒன்று சொல்கிறேன்: 2019-இல் வெளிவந்த அவுட்வார்டு. கடன் தொகையான 150 வெள்ளியை ஐந்து நாட்களுக்குள் கட்டாவிட்டால் வீடு போய்விடும் என்பதுதான் தொடக்கமே. வரைபடம் உண்டு, அதில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்ற குறி மட்டும் இருக்காது. சண்டையில் தோற்றால் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. கொள்ளையர்கள் உங்களைச் சிறைப்பிடிக்கலாம், முன்பின் தெரியாத ஒருவர் காப்பாற்றலாம். விளையாட்டு தானே சேமித்துக்கொள்வதால், பழைய நிலைக்குத் திரும்பி ஏமாற்றவும் வழியில்லை. சண்டை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரீன் ஹெல் விளையாட்டையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அமேசான் காட்டில் கை கால்களைத் திருப்பிப் பார்த்து அட்டைகளைப் பிடுங்குவது, ஏற்காட்டு மழைக்காலத்தில் வாழ்பவருக்குப் பொழுதுபோக்காகத் தோன்றுமா என்பது எனக்கு ஐயமே.

சேர்வராயன்வாசி:

அட்டை வேண்டவே வேண்டாம். த லாங் டார்க், சப்நாட்டிகா இரண்டையும் குறித்துக்கொண்டேன். இன்னொரு ஐயம்: மழைக்காலத்தில் இங்கே மின்சாரம் சொல்லாமல் போகும். என்னிடம் இருப்பது மேசைக் கணினி, யுபிஎஸ் இல்லை. திடீரென்று அணைந்தால் இவற்றில் எது எவ்வளவு இழக்கும்?

கோரிமேடு வாசகர்:

த லாங் டார்க், நீங்கள் ஒரு கட்டடத்துக்குள் நுழையும்போதும் உறங்கி எழும்போதும் தானாகவே சேமித்துக்கொள்ளும். ஆகவே பெரும்பாலும் கடைசியாகப் புகுந்த வீட்டிலிருந்து தொடரலாம். அதற்காக ஓநாய் துரத்தும்போது மின்சாரம் போகட்டும் என்று வேண்டிக்கொள்ளாதீர்கள்.

அஸ்தம்பட்டியான்:

சப்நாட்டிகாவில் அந்த வசதி இல்லை. மெனுவைத் திறந்து நீங்களே சேமித்தால்தான் உண்டு; மறந்தால் மாலை முழுவதும் தேடியது போய்விடும். எனவே யுபிஎஸ் வாங்கும் வரை த லாங் டார்க்கையே விளையாடுங்கள். சேலத்தில் பதிவிறக்கம் முடிந்ததும் அங்கேயே ஒரு முறை விளையாட்டைத் திறந்து பார்த்து, விளையாட்டுகளை வாங்கித் திறக்க உதவும் ஸ்டீம் செயலியை, இணையம் இல்லாமல் இயங்கும் ஆஃப்லைன் முறைக்கு மாற்றிச் சரிபார்த்துக்கொண்ட பிறகு மலை ஏறுங்கள்.