'போகஸ்' என்பதற்குப் 'போலி' வேண்டாம்

> டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் தரும் பெயர்-முகவரிப் பதில்களைக் கையொப்பத்தால் சரிபார்க்கும் முறை) சொற்பட்டியலில் 'போகஸ்' என்பதற்குப் 'போலி' என்றே வைத்துவிடலாம், எளிதில் புரியும். 'இன்செக்யூர்' என்பதற்குப் 'பாதுகாப்பற்ற'.

வணக்கம்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கையொப்பம் இருந்தே தீர வேண்டிய இடத்தில் சரிபார்ப்பு தேறாமல் போனால் அது போகஸ். நடுவில் ஒருவர் பதிலைத் திருத்தினாலும் இதே நிலைதான். பதிலைத் தேடிச் சரிபார்க்கும் சர்வரான ரிசால்வரின் கடிகாரம் பிசகினாலும் இதே நிலைதான். கையொப்பத்தைத் தாங்கும் ஆர்ஆர்சிக் பதிவில் தொடக்க நேரம், காலாவதி நேரம் இரண்டும் உண்டு. பேட்டரி போன சர்வர் பழைய தேதியோடு எழுந்தால் எல்லாக் கையொப்பமும் 'இன்னும் தொடங்காதது' ஆகிவிடும். லாகில் 'போலி' என்று பார்க்கும் அட்மின் திருடனைத் தேடுவார், கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபியைப் பார்க்க மாட்டார்.

அலுவலகங்களில் இதைவிட அதிகம் படுத்துவது உள்பெயர்கள். 'கார்ப்' என்று முடியும் பெயரை உள்ளே வைத்திருப்பார்கள். அப்படி ஒன்று கிடையாது என்று டிஎன்எஸ் அடுக்கின் உச்சியான வேர் மண்டலம் கையொப்பத்தோடு சான்று தருகிறது. உள்சர்வர் சொன்ன சரியான முகவரியை ரிசால்வர் தள்ளிவிட்டு சர்வ்ஃபெயில் என்ற பிழைப் பதிலை அனுப்பும். ரிசால்வர் மென்பொருள்களில், அன்பவுண்டில் 'டொமைன்-இன்செக்யூர்', பைண்டில் 'வேலிடேட்-எக்செப்ட்' வரியில் அந்தப் பெயரைச் சேர்த்தால் சரியாகும். கையொப்பங்களைக் கழற்றிவிட்டு அனுப்பும் பழைய ஃபார்வர்டராலும் (கேள்வியை வேறு சர்வருக்குக் கடத்திவிடும் இடைச் சர்வர்) இதே கதைதான். டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் டிக் கட்டளையில், சரிபார்ப்பு வேண்டாம் என்று சொல்லும் +சிடி சேர்த்ததும் பதில் வந்தால் சிக்கல் சரிபார்ப்பில். அப்போதும் வராவிட்டால் வேறெங்கோ.

இத்தனைக்கும் பொருந்துவது 'தேறாத பதில்'. 'இன்செக்யூர்' என்பதற்குப் 'பாதுகாப்பற்ற' என்பதும் வீண் பயம். 'கையொப்பமிலா' போதும்.

> 'கையொப்பமிலா' போதும்.

'தேறாத' எனக்குச் சம்மதம். 'கையொப்பமிலா' போதாது. மண்டலத்துக்குக் கையொப்பமிட்டுவிட்டு, அதன் சாவியை அடையாளம் காட்டும் டிஎஸ் பதிவை மேல்மண்டலத்தில் ஏற்ற மறந்தாலும் அது இன்செக்யூர்தான். கையொப்பம் இருக்கிறது, வேர் மண்டலத்திலிருந்து இறங்கி வரும் நம்பிக்கைச் சங்கிலிதான் இல்லை. 'சங்கிலியில் சேராத' என்று வைப்போம், நீளம் என்றாலும்.

இன்னொன்று: கையேட்டு வரைவில் விண்டோஸ் கிளையண்டைச் 'சரிபார்க்கும் கணினி' என்று எழுதியிருக்கிறது. அது தானாக எதையும் சரிபார்ப்பதில்லை. குரூப் பாலிசியின் என்ஆர்பிடி (எந்தப் பெயரை எப்படித் தேடுவது என்ற பட்டியல்) விதிப்படி, பதிலில் 'சரிபார்த்தாயிற்று' என்று சர்வர் குறிக்கும் ஏடி பிட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். வேலை முழுவதும் சர்வருடையது. நடுவழியில் அந்த பிட்டையே மாற்றலாம் என்பதால்தான் அதே விதியில், சர்வருடனான போக்குவரத்தைக் காக்கும் ஐபிசெக் தேர்வும் இருக்கிறது. 'சரிபார்ப்பு கோரும் கணினி' என்று திருத்துங்கள். சோதனைக்கு என்எஸ்லுக்கப் என்று போட்டிருப்பதையும் எடுத்துவிடுங்கள், அது என்ஆர்பிடியைக் கண்டுகொள்ளாது. பவர்ஷெல்லில் ரிசால்வ்-டிஎன்எஸ்நேம்தான் சரி.