அரபு மொழியின் ‘ரூட்’: வேர்ச்சொல்லா, வேறு சொல்லா? (ழ-ர-ப வேரை முன்வைத்து)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மொழியியல் கலைச்சொல் பட்டியலில் ‘ரூட்’ என்பதற்கு நேரே ‘வேர்ச்சொல்’ என்று நிற்கிறது. தமிழுக்கு அது ஓரளவு பொருந்தும். நட, வா, உண் எல்லாம் பகுதிகள். ஏவலாகத் தனித்தும் வரும். அரபுக்குப் பொருந்தாது. அங்கே அது சொல்லே அன்று. ழ, ர, ப என்று மூன்று எழுத்துகள், அந்த வரிசை மாறாமல். உயிர் ஏறாதவரை வாயில் வராது, அகராதியில் தலைப்பாக மட்டும் நிற்கும். அதைச் ‘சொல்’ என்று எழுதிவிட்டால், படிப்பவர் ‘ழரப’ என்ற வினையையே வேர் என்று எடுத்துக்கொள்கிறார். மற்ற பொருள்கள் எல்லாம் அந்த வினையிலிருந்து கிளைத்தவை என்றும் நினைத்துவிடுகிறார்.

என் முன்மொழிவு: எழுத்துத் தொகுதிக்கு ‘மெய்வேர்’, அதில் உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் ‘வேர்மெய்’. வேர் ஏறி உட்காரும் அச்சை அரபு இலக்கணத்தார் ‘வஸ்ன்’ என்கிறார்கள்; அதற்கு ‘வார்ப்பு’. கருத்துச் சொல்லுங்கள்.

– த.

*

குழுமத்தாருக்கு ஸலாம்.

> எழுத்துத் தொகுதிக்கு ‘மெய்வேர்’

பெயரைப் பிறகு முடிவு செய்யலாம். அந்தப் பெயர் எதையெல்லாம் சுமக்க வேண்டும் என்பதை நீங்கள் எடுத்த ழ-ர-ப வேரிலேயே பார்த்துவிடுவோம். ஸர்ஃப் (அரபுச் சொல்லாக்க இலக்கணம்) பாடம் படித்தவர்களுக்கு இது பழகிய வேர்தான். அரபு இலக்கண நூல்களில் ஸைது என்பவர் அம்ரு என்பவரை ஓயாமல் அடித்துக்கொண்டிருப்பார்.

‘ழரப’ என்றால் அடித்தான். ‘ழரப மஸலன்’ என்றால் உவமை சொன்னான் (குர்ஆன் 14:24). ‘ஃபில் அர்ழ்’, அதாவது ‘பூமியில்’, என்பதைச் சேர்த்தால் பயணம் போனான் (4:101). 73:20இல் அது பிழைப்புத் தேடிப் போகும் பயணம். குகைவாசிகளைப் பற்றிய 18:11இல் ‘காதுகள்மேல் ழர்ப்’ என்று வருகிறது. தூங்க வைத்தோம் என்பது பொருள். கூடாரத்தோடு வந்தால் கூடாரம் அடித்தான், நாணயத்தோடு வந்தால் காசு அடித்தான். கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 79இல் திருத்திய வெள்ளித் திர்ஹம்களின் விளிம்பில் ‘ழுரிப’, ‘அடிக்கப்பட்டது’, என்ற சொல்லோடு ஊரும் ஆண்டும் வரும். அக்கசாலைக்கு ‘தாருழ் ழர்ப்’ என்று பெயர். கணக்கில் ‘மூன்றை நான்கில் ழர்ப்’ செய்தால் பன்னிரண்டு. யாப்பில் ஒரு பைத்தின் (செய்யுள் அடியின்) இரண்டாம் பாதியில் வரும் ஈற்றுச்சீர் ‘ழர்ப்’. வெறுமனே ‘வகை, தினுசு’ என்றும் அதே சொல்லுக்குப் பொருள் உண்டு.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வருபவை. பயணத்துக்கும் பெருக்கலுக்கும் ‘ஃபீ’ (‘இல்’) என்ற அதே உருபுதான். பக்கத்தில் நிற்பது நிலமா எண்ணா என்பதை வைத்துத்தான் பொருள் பிரிகிறது. ஆகவே உருபை மட்டும் குறித்தால் போதாது, உடன் வரும் பெயரையும் குறிக்க வேண்டும்.

அச்சு மாறும்போது (அச்சுகளின் பெயர்கள் ‘ஃபஅல’ என்ற மாதிரி வினையின் எழுத்துகளால் ஆனவை) பொருள் இன்னும் விலகும். ‘முஃபாஅலா’ அச்சில் முழாரபா: ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார், லாபம் பேசிய விகிதத்தில் பிரியும், போட்ட முதலுக்கு வரும் நட்டம் முதல் போட்டவருடையது. இதை ‘அடிதடி’யிலிருந்து விளக்கப் புகுந்தால் கதை கந்தலாகிவிடும். இது பூமியில் பயணம் போய் வணிகம் செய்வதிலிருந்து வந்தது. இராக்கியர் முழாரபா என்றதையே மதீனத்தார் ‘கிராழ்’ என்றார்கள். ‘இஃப்ஆல்’ அச்சில் இழ்ராப் என்றால் வேலைநிறுத்தம். ஆங்கிலத்திலும் அடிப்பதற்கும் வேலைநிறுத்தத்துக்கும் ஒரே சொல் இருப்பதால் பலர் இங்கே வழுக்கி விழுகிறார்கள். அரபில் வழி வேறு: ‘அழ்ரப’ என்பதோடு ‘அன்’ சேர்ந்தால் ‘ஒன்றை விட்டு விலகினான்’. வேலையை விட்டு விலகினால் வேலைநிறுத்தம், உணவை விட்டு விலகினால் உண்ணாநிலைப் போராட்டம். ‘ஃபஈலா’ அச்சில் ழரீபா, வரி. ‘மிஃப்ஆல்’ கருவிக்கான அச்சு, அதில் மிழ்ராப். சிதார் வாசிப்பவர் விரலில் மாட்டும் கம்பியை மிஸ்ராப் என்பது இதுதான். ‘இஃப்திஆல்’ அச்சில் இழ்திராப், குழப்பம், கலக்கம்.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் அகராதி தேடுபவர்கள் மாட்டிக்கொள்வார்கள். வேரோடு கூடுதலாகச் சேரக்கூடிய எழுத்துகள் பத்து. ‘ஸஅல்துமூனீஹா’ என்று ஒரே சொல்லாக மனப்பாடம் செய்வோம். இந்தப் பத்தில் இல்லாத எழுத்து வேரைச் சேர்ந்தது என்பது பாடம். ஆனால் இழ்திராபில் நடுவே வரும் ‘தா’, பத்தில் உள்ள மெல்லிய ‘தா’ அன்று, தடித்த ‘தா’. ‘ழாது’ என்ற ழ எழுத்துக்குப் பக்கத்தில் நின்றதால் மெல்லியது தடித்துவிட்டது. பாடத்தை நம்பி அதை வேரில் சேர்த்தவர் ழ-த-ர பக்கத்தில் போய்த் தேடுவார், கிடைக்காது.

அகராதியாளர் இப்னு ஃபாரிஸ் (இறப்பு ஹிஜ்ரி 395) ஒவ்வொரு வேருக்கும் எத்தனை ‘அஸ்ல்’ (மூலக் கருத்து) என்று எண்ணிச் சொன்னவர். ழ-ர-ப வேருக்கு ஒன்றே ஒன்று, மற்றவை இரவலாக அதன்மேல் ஏறியவை என்கிறார். ஹ-ல-ம வேருக்கு மூன்று என்கிறார்: அவசரப்படாமை, துளைபடுதல், கனவு காண்தல். மூன்றும் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியவை என்றும் அவரே எழுதியிருக்கிறார். ஆக, வேர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது இல்லை. ‘அஸ்ல்’ என்பதற்கும் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். ‘அடிப்பொருள்’ எனக்குப் போதும்.

– ஹ.

*

ஹஜ்ரத் அவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

> அதற்கு ‘வார்ப்பு’

வார்ப்பு வேண்டாம் ஐயா. தமிழ் இலக்கணத்தில் இதற்குச் சொல் தயாராக இருக்கிறது: வாய்பாடு. வினையெச்சங்களை நாம் ‘செய்து’, ‘செய்பு’, ‘செய்யூ’, ‘செய்தென’ வாய்பாடுகள் என்கிறோம். எல்லா வினைக்கும் பொதுவாக ‘செய்’ என்ற வினையை நிறுத்துகிறோம். அரபு இலக்கணத்தார் நிறுத்துவது ‘ஃபஅல’. அதற்கும் பொருள் ‘செய்தான்’ என்பதுதான். அவர்கள் சீர்களையும் அதே ஃபஅல எழுத்துகளால் ‘ஃபஊலுன்’, ‘மஃபாஈலுன்’ என்று அளப்பார்கள். நாமும் தேமா, புளிமாவை வாய்பாடு என்றே சொல்கிறோம். வினைக்கும் யாப்புக்கும் ஒரே சொல் இரண்டு பக்கமும் இருக்கும்போது புதிதாக வார்க்க என்ன தேவை? பள்ளிப் பிள்ளைக்கு வாய்ப்பாடு என்றால் பெருக்கல் கணக்கு நினைவுக்கு வரும் என்பது உண்மை. இடம் வேறு, குழப்பம் வராது. ஒற்று மிகாமல் ‘வாய்பாடு’ என்றே எழுதுவோம்.

வாய்பாட்டை விளக்க எடுத்துக்காட்டுக்கு அரேபியா போக வேண்டியதில்லை, தாலுகா அலுவலகம் போதும். அமல், மாமூல் இரண்டும் அ-ம-ல வேர். பின்னது ‘மஃப்ஊல்’ வாய்பாடு, ‘செய்யப்பட்டது’. அதிலிருந்து ‘வழக்கமானது’, அதிலிருந்து நாம் எல்லாரும் அறிந்த மற்றப் பொருள். மகசூலும் தாசிலும் ஹ-ஸ-ல: முன்னது மஃப்ஊல், பின்னது ‘தஃப்ஈல்’. ஆஜர், ஜாமீன், வாரிசு மூன்றும் ‘ஃபாஇல்’, செய்பவர் வாய்பாடு. ஜமாஅத், ஜும்ஆ, ஜமாபந்தியின் முன்பாதி மூன்றும் ஜ-ம-அ.

> ‘வேர்மெய்’

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘அய்ன்’ அரபில் மெய். தமிழில் அதற்கு எழுத்தில்லாததால் அ, ஆ என்று உயிராகவே எழுதுகிறோம். அமல், அரபு, ஜும்ஆ எல்லாம் அப்படித்தான். அ-ம-ல என்று போட்டு, இதில் முதல் எழுத்து வேர்மெய் என்று சொன்னால் தமிழாசிரியர் புத்தகத்தை மூடிவிடுவார். தவிர, கணிதத்தில் மெய்யெண் இருப்பதால் ‘மெய்வேர்’ என்பது ‘உண்மையான வேர்’ என்று தொனிக்கும். ‘வேரெழுத்து’ என்று வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. ஏறும் எழுத்துக்குச் ‘சேர்ப்பெழுத்து’. வேரெழுத்து அசல், சேர்ப்பெழுத்து வட்டி என்று வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம். ‘அசல்’ என்பதே ‘அஸ்ல்’தானே.

தொகுதிக்கு ‘வேர்க்கோவை’ என்பேன். கோவையில் வரிசை முக்கியம், இங்கும் அப்படியே. வரிசை மாறினால் வேறு வேர்; மூன்று எழுத்தை ஆறு விதமாக அடுக்கலாம். பழைய அரபு அகராதியாளர் கலீல் தம் அகராதியில் அந்த ஆறையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தவர்.

பெயரைவிடப் பெரிய சிக்கல் எழுத்துப்பெயர்ப்பு. கல்ப் என்றால் இதயம், கல்ப் என்றால் நாய். அரபில் இரண்டும் வேறு ககரம், தமிழில் இரண்டும் க-ல-ப. ழாது என்ற எழுத்தோ வந்த வழிக்கேற்ப வேடம் மாற்றுகிறது. பாரசீகம், உருது வழியாக வந்தவற்றில் ஜ: ஆஜர், ஜாமீன், ஜப்தி, ஜில்லா. மார்க்க வழக்கில் ல, ள, ழ: ரமலான், ரமளான், இலங்கையில் ரமழான்.

எனவே வேருக்குப் பக்கத்தில் எண் போடலாம். அரபு நெடுங்கணக்கில் 28 எழுத்து. ஒவ்வொன்றின் இடத்தையும் இரண்டு இலக்கத்தில் எழுதினால் போதும். ழ-ர-ப 15-10-02. இதயக் க-ல-ப 21-23-02, நாய்க் க-ல-ப 22-23-02. ஹம்ஸா என்ற எழுத்துக்கு 01. கணினியில் எண்படி அடுக்கினால் அரபு அகரவரிசையும் தானாகக் கிடைத்துவிடும்.

– ம.

*

அம்மா, ஹஜ்ரத் இருவருக்கும் நன்றி. மெய்யை விட்டுவிடலாம். வேரெழுத்து, சேர்ப்பெழுத்து, வாய்பாடு, அடிப்பொருள் நான்கையும் பட்டியலில் ஏற்றுகிறேன். மாதிரிப் பதிவு இப்படி இருக்கும்:

ழ-ர-ப (15-10-02). அடிப்பொருள் 1: அடித்தல்.
ஃபஅல: அடி, + உவமை: எடுத்துச் சொல், + ஃபீ, நிலம்: பயணம் செய், எண் + ஃபீ, எண்: பெருக்கு, + நாணயம்: அச்சிடு.
இஃப்ஆல் + அன்: விட்டு விலகு, பெயர்: வேலைநிறுத்தம்.
முஃபாஅலா: முதல்–உழைப்புக் கூட்டு. (காண்க: நிலத்தில் பயணம்.)
இஃப்திஆல்: கலக்கம். (தகரம் தடித்தது, வேரெழுத்தன்று.)

வாய்பாட்டை ரோமன் எண்ணால் குறிக்கும் மேலை வழக்கம் வேண்டாம். மத்ரஸாவில் சொல்வது போலவே இஃப்ஆல், தஃப்ஈல் என்று பெயரால் குறிப்போம்.

‘மூவெழுத்து வேர்’ என்று தலைப்பிடவும் வேண்டாம். தர்ஜமா (மொழிபெயர்ப்பு) 03-10-05-24, வேரெழுத்து நான்கு.

‘வேர்க்கோவை’யில் மட்டும் எனக்குத் தயக்கம். ‘சொல்’லை வெட்டிய பிறகு ‘வேர்’ என்பதே போதாதா? பதிவுகளுக்குள் ‘வேர்’ என்றே எழுதுகிறேன். கலைச்சொல் பட்டியலில் வடமொழித் தாதுவிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் ‘வேர்க்கோவை’ இருக்கட்டும். அடுத்து ‘மதீனா’: வேர் ம-த-னவா, த-ய-னவா என்று பழைய அகராதியாளர்களே இரு பக்கம் நிற்கிறார்கள். இரண்டு வேரின் கீழும் பதிந்து, ஒன்றில் மட்டும் பொருள் எழுதலாம் என்று நினைக்கிறேன். எதில் எழுதுவது என்பதை ஹஜ்ரத்தான் சொல்ல வேண்டும்.

– த.